பலாலியில் இருந்து சென்னை எவ்வளவு தூரம்? நூலும் அடிமட்டமும் வைத்து நீங்களே அளக்கலாம்

முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தேன். ஓய்வு எடுத்த பிறகும் உரும்பிராயில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் கொப்பியோடு வந்து இருப்பார்கள். போன மாதம், யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலியை வைத்து அவர்களிடம் கேட்டேன்: "பலாலியில பிளேன் ஏறினா கட்டுநாயக்க கிட்டவோ, திருச்சி கிட்டவோ?" எல்லாரும் ஒரே குரலில், கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை, "ரீச்சர், திருச்சி வேற நாடெல்லோ" என்றாள்.

அந்தப் பதிலில் எனக்கு அவள் மேல் குறை இல்லை. எல்லைக்கு அப்பால் இருப்பது தூரம், இப்பால் இருப்பது கிட்ட என்றுதான் எங்களுக்கும் மனதில் பதிந்து கிடக்கிறது. கைப்பேசியில் தேடினாலும் அந்த எண்ணம் மாறாது. "யாழ்ப்பாணம் சென்னை தூரம்" என்று போட்டால் நடுவில் கடல் கிடப்பதால் வீதி வழி காட்டாது, இல்லாவிட்டால் எங்கிருந்து எங்கே அளந்தது என்று சொல்லாமல் ஒரு இலக்கத்தைத் தரும். அந்த இலக்கத்தை நம்புவதை விட உங்கள் கையால் ஒருமுறை அளந்து பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். அளந்த பிறகு நீங்கள் பயணச்சீட்டு எடுக்கும் முறையே மாறக்கூடும். என் அக்காவுக்கு அப்படித்தான் மாறியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். விமான நிலையத்தில் இருந்து விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் எவ்வளவு என்பது ஒன்று. வீட்டுப் படலையில் இருந்து, போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை எவ்வளவு என்பது வேறொன்று. யாழ்ப்பாண நகரத்தில் இருந்து பலாலி ஏறக்குறைய 16 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. நகரத்தை வைத்து அளந்தால் அந்த 16 கிலோமீற்றரும் கணக்குக்குள் புகுந்துவிடும். ஆகவே பென்சில் முனையை நகரத்தில் வைக்காதீர்கள், ஓடுபாதையில் வையுங்கள்.

இனி நூல் முறை. பிள்ளைகளின் தேசப்படப் புத்தகத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே பக்கத்தில் வரும் படத்தை எடுங்கள். தையல் நூல் ஒன்றைப் பலாலியில் இருந்து சென்னைக்கு இறுக்கமாகப் பிடியுங்கள். குடாநாட்டின் வடக்குக் கரையில், பருத்தித்துறைக்கு மேற்கே, காங்கேசன்துறைக்குச் சற்றுக் கிழக்கே பலாலி. சென்னையின் விமான நிலையம் மீனம்பாக்கத்தில், நகரத்துக்குத் தென்மேற்கே. பிடித்த இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, நூலை அடிமட்டத்தில் அளவுங்கள்.

அடுத்த படியில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள். படத்தின் அடியில் உள்ள சின்ன அளவுகோலைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் 8, 9, 10, 11 என்று அகலக்கோட்டுப் பாகைகள் குறித்திருக்கும். அந்த ஓரத்தில் ஒரு பாகை எத்தனை சென்ரிமீற்றர் என்று பாருங்கள். ஒரு பாகை நிலத்தில் ஏறக்குறைய 111 கிலோமீற்றர். என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் ஒரு பாகை 2.2 சென்ரிமீற்றர். நூல் 7.1 சென்ரிமீற்றர் வந்தது. 7.1 ஐ 2.2 ஆல் பிரித்தால் 3.23 பாகை, அதை 111 ஆல் பெருக்கினால் 358 கிலோமீற்றர். அந்தப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் ஐந்து கிலோமீற்றர் தவறும், ஆகவே நூல் முறையில் இவ்வளவு கிட்ட வந்தாலே நல்லது.

மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் உள்ள 78, 79, 80 என்ற நெடுங்கோட்டுப் பாகைகளை மட்டும் அளவுகோலாக எடுக்காதீர்கள். வகுப்பில் இதற்கு நான் ஒரு தோடம்பழம் கொண்டுபோவேன். தோலை உரித்தால் சுளை நடுவில் அகலம், இரண்டு நுனியிலும் கூர். இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட நிலமும் அப்படித்தான். நடுக்கோட்டில் அகன்று, துருவத்தில் ஒரு புள்ளியில் முடியும். வடக்குத் தெற்காக அளக்கும் பாகை எங்கேயும் ஏறக்குறைய ஒரே நீளம். கிழக்கு மேற்காக அளக்கும் பாகை இடத்துக்கு இடம் சுருங்கும்.

நூலில் திருப்தி வராதவர்கள் கணக்குக்கு வாருங்கள். சாதாரண தரக் கணிதத்தில் பைதகரஸ் தேற்றம் படித்தவர்களுக்கு இது போதும்.

கைப்பேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, ஓடுபாதை தெரியும் வரை பெருப்பித்து, அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு இலக்கங்கள் வரும். முதலாவது அகலக்கோடு, இரண்டாவது நெடுங்கோடு. அவை தசமத்தில் இருக்கும். நான் பாகை, கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று மாற்றித்தான் பாவிப்பேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. மாற்றுவது லேசு: தசமப் பகுதியை 60 ஆல் பெருக்குங்கள். பலாலிக்கு 9.792 என்று வந்தால், 0.792 ஐ 60 ஆல் பெருக்க 47.52. அதாவது 9 பாகை 47 கலையும் அரைக்குச் சற்று மேலும், கிட்டிய கலைக்கு 48. நான் கிட்டிய கலைக்கு எடுத்துக் கொப்பியில் எழுதி வைத்தவை இவை:

பலாலி: வடக்கு 9° 48′, கிழக்கு 80° 04′
சென்னை: வடக்கு 12° 59′, கிழக்கு 80° 10′
திருச்சி: வடக்கு 10° 46′, கிழக்கு 78° 43′
கட்டுநாயக்க: வடக்கு 7° 11′, கிழக்கு 79° 53′

இதில் ஒரு எச்சரிக்கை. 12° 59′ என்பது 12.59 அல்ல. ஏறக்குறைய 12.98. இதைக் கலந்து எழுதினால் சென்னை நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தெற்கே இறங்கிவிடும். நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளே இதில் தவறி நான் கண்டிருக்கிறேன்.

கலையாக மாற்றச் சொன்ன காரணம் இதுதான்: அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அதில் இருந்து வந்ததுதான். இன்றைய வரையறையில் அது 1.852 கிலோமீற்றர். விமானிகளும் மாலுமிகளும் இன்றும் இந்த அளவில்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

இப்போது சென்னை. 12° 59′ இல் 9° 48′ ஐக் கழித்தால் 3° 11′. மூன்று பாகை 180 கலை, அதோடு 11. மொத்தம் 191 கடல் மைல் வடக்கே. நெடுங்கோட்டில் வித்தியாசம் 6 கலை மட்டும். அதைச் சுருக்கத்துக்காக 0.98 ஆல் பெருக்குங்கள். எங்கள் பக்கத்து அகலக்கோடுகளின் கோசைன் பெறுமானம் அதுதான், தோடம்பழச் சுளையின் ஒடுக்கம் அந்த இலக்கத்துக்குள் இருக்கிறது. 5.9 வரும். 191 இன் வர்க்கத்தையும் 5.9 இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 191.1 கடல் மைல். 1.852 ஆல் பெருக்கினால் 354 கிலோமீற்றர்.

191 இல் 6 என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சென்னை எங்களுக்கு நேர் வடக்கே இருக்கிறது. இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் மன்னார்ப் பக்கம் கையைக் காட்டுவார்கள். இராமேஸ்வரத்துக்கு அது சரி. சென்னைக்கு நீங்கள் காங்கேசன்துறைக் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்தபடி மூக்குக்கு நேரே காட்ட வேண்டும்.

திருச்சிக்கு இதே வழி. வடக்கே 58 கலை, மேற்கே 81 கலை. 81 ஐ 0.98 ஆல் பெருக்க 79.4. வர்க்கம், கூட்டல், வர்க்கமூலம்: 98.3 கடல் மைல், 182 கிலோமீற்றர். கட்டுநாயக்கவுக்குத் தெற்கே 157 கலை, மேற்கே 11. விடை 291 கிலோமீற்றர். பிள்ளைகளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது கொப்பியிலேயே வந்துவிட்டது. கட்டுநாயக்கவை விடத் திருச்சி நூறு கிலோமீற்றருக்கு மேல் கிட்ட. அந்தப் பிள்ளை கணக்கை இரண்டு தரம் செய்துவிட்டு ஒன்றும் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இந்தக் கைக்கணக்கு நம்பத் தகுந்ததா என்று சோதிக்க ஒரு நல்ல வழி காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல். 2023 ஒக்ரோபரில் அந்தச் சேவை தொடங்கியபோது தூரம் 60 கடல் மைல் என்று பத்திரிகைகளில் வந்தது. காங்கேசன்துறைக்கு 9° 49′, 80° 03′ என்றும் நாகபட்டினத்துக்கு 10° 46′, 79° 51′ என்றும் எடுத்துச் செய்து பாருங்கள். 58 கடல் மைலுக்குச் சற்று மேல் வரும். துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும் கப்பல் கொஞ்சம் வளைந்துதான் போக வேண்டும். மீதி இரண்டு மைலுக்கு அது போதும்.

நூல் முறையும் இந்தத் தட்டைக் கணக்கும் கிட்டிய தூரங்களுக்கு மட்டும் சரி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் என்று தாய்மார் கேட்பார்கள். அதற்குத் தட்டைப் படத்தில் நூல் பிடித்தால் பெரிய பிழை வரும். பூமியுருண்டையில் நூலைப் பிடியுங்கள். ரொறன்ரோவுக்குப் பிடிக்கும்போது நூல் வட துருவப் பக்கமாக ஏறிப்போவதைக் கண்டு ஆச்சரியப்படுவீர்கள், உண்மையான குறுக்குவழி அதுதான்.

கைப்பேசி காட்டும் தூரத்துக்கும் உங்கள் விடைக்கும் இரண்டு மூன்று கிலோமீற்றர் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். ஓடுபாதையின் எந்த முனையில் இருந்து அளக்கிறோம், பூமியைச் சரியான கோளமாக எடுக்கிறோமா, துருவத்தில் சற்றுத் தட்டையானதாக எடுக்கிறோமா என்பதில் அவ்வளவு மாறும். இருபது முப்பது மாறினால் மட்டும் எங்கோ கலையும் தசமமும் கலந்துவிட்டன என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு தூரம் மிச்சம் இருக்கிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கட்டுநாயக்கவில் இருந்து சென்னை எவ்வளவு? வடக்கே 5° 48′, அதாவது 348 கலை. கிழக்கே 17 கலை, சுருக்கினால் 16.7. விடை 348.4 கடல் மைல், 645 கிலோமீற்றர். இனி மற்ற இரண்டையும் கூட்டுங்கள். கட்டுநாயக்க பலாலி 291, பலாலி சென்னை 354. கூட்டினால் 645.

ஒரு முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தை விடக் கூட வரும் என்று எட்டாம் வகுப்பில் படித்தோம். சமமாக வந்தால் அங்கே முக்கோணம் இல்லை, மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் கிடக்கின்றன. படத்தில் கட்டுநாயக்கவில் இருந்து சென்னைக்கு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் சிலாபத்துக்குக் கிழக்கே ஏறி, வன்னிக்கு மேலாக வந்து, யாழ்ப்பாண நகரத்தைத் தொட்டு, பலாலிக்கு ஆறேழு கிலோமீற்றர் மேற்காகக் கடலுக்குள் இறங்கும். கொழும்புக்குப் போய்ச் சென்னைக்குப் பறக்கிறவர் நேர்கோட்டில் திரும்பி வந்து தன் வீட்டுக் கூரைக்கு மேலாகத்தான் போக வேண்டும்.

அந்த நாள் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் தன் முதற் பறப்பை இரத்மலானையில் இருந்து மதராசுக்கு நடத்தியபோது, காங்கேசன்துறை என்று அப்போது அழைத்த பலாலியில்தான் இடையில் இறங்கியது. வழியில் கிடந்த இடம் என்பதால் இறங்கியது, சுற்றிப் போகவில்லை. பிறகு எங்கள் தலைமுறைக்கு அந்த வழி இல்லாமலே போயிற்று. 2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடி பறந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் நேரடிப் பறப்பு வந்தது.

தூரத்தை நேரமாக மாற்ற நான் பாவிக்கும் வழி இது. பலாலிக்கு வருவது இறக்கையில் காத்தாடி சுழலும் ஏ.டி.ஆர். 72 வகை. அது மேலே ஏறிய பிறகு மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் போகும். தூரத்தை 500 ஆல் பிரித்து, ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவதற்காக அரை மணித்தியாலம் சேருங்கள். சென்னைக்கு 42 நிமிடமும் 30 நிமிடமும், ஆக ஒரு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிடமும். திருச்சிக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய. பெரிய ஜெற் விமானத்துக்கு 500 க்குப் பதில் 800 எடுங்கள். இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே மணிக்கூடு என்பதால் வேறு கூட்டல் கழித்தல் தேவையில்லை. 1996 இல் இருந்து 2006 ஏப்ரல் வரை எங்கள் மணிக்கூடு முன்னுக்கு ஓடியபோது அதையும் பார்க்க வேண்டி இருந்தது.

இதற்கு மேல் வீட்டுக்கணக்கைச் சேருங்கள், உண்மையான தூரம் அதில்தான் தெரியும். உரும்பிராயில் இருந்து பலாலி வீதியால் போனால் விமான நிலையம் அரை மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய் நிற்பது, ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு, சென்னையில் குடிவரவும் பொதியும் ஒரு மணித்தியாலம். படலை பூட்டியதில் இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் மீனம்பாக்கத்துக்கு வெளியே நிற்கலாம். கட்டுநாயக்கவால் போனால் முதலில் வீதியில் ஏழெட்டு மணித்தியாலம், அதன் பிறகுதான் அந்த மூன்று மணித்தியாலக் காத்திருப்புத் தொடங்கும்.

2023 தை மாதம் என் அக்கா சென்னைக்குக் கண் காட்டப் போனா. அவவுக்கு எழுபத்து மூன்று வயது, முழங்காலும் சரியில்லை. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர், பலாலிச் சேவையை நம்ப முடியாது, கட்டுநாயக்கதான் வசதி என்று சொல்லிவிட்டார். பலாலியில் இருந்து பறப்பு அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. நாங்களும் கேட்காமல் விட்டோம். அக்கா இரவு முழுக்க வான் வண்டிக்குள் இருந்து, கால் வீங்கி, விடியற்காலையில் கட்டுநாயக்கவில் இறங்கினா. மத்தியானம் தாண்டித்தான் விமானம். போய்ச் சேர்ந்து கதைத்தபோது, "யன்னலால கீழ பாத்தன், வெள்ளையா ஏரி மாதிரி, நடுவில ஒரு பாலம். எங்கட இடம் போலக் கிடந்துது" என்றா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் பிள்ளைகளுக்காக இந்தக் கணக்கைச் செய்து 645 என்று வந்தபோதுதான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. அண்டைக்கு விமானம் எந்த வழியால் போனது என்று நான் காணவில்லை, ஆனால் நேர்கோடு எங்கள் கடல்நீரேரிக்கு மேலால்தான் போகிறது.

வாற மாதம் அவ மறுபடி போகிறா. இந்த முறை முகவரிடம் போக முன் நான் நாலு இலக்கங்களையும் ஒரு துண்டில் எழுதி அவவின் கையில் கொடுத்தேன். 354, 182, 291, 645. அவ அதைக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறா. பலாலியில் காலை உணவுக்குப் பிறகு ஏறினால் போதும். இடியப்பமும் சொதியும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.